ஆவணம் குறைகிறது என்று டெண்டரைத் தள்ளிவிட்டால் என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். ஒரு சிறு ஒப்பந்த நிறுவனம் தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றின் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கு டெண்டர் போட்டிருக்கிறது. தகுதி ஆவணங்கள் இருக்கும் தொழில்நுட்ப உறையைத் திறந்தபின் "ஆவணங்கள் முழுமையாக இல்லை" என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். விசாரித்தால், முன்பு செய்த வேலையின் பணி ஆணையை இணைத்தவர்கள், அதன் பணி நிறைவுச் சான்றின் இரண்டாம் பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அதே டெண்டரில் இன்னொரு நிறுவனம், ஆண்டு வியாபாரத் தொகையைக் காட்டும் விற்றுமுதல் சான்றையே வைக்கவில்லை. அவர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பி, இரண்டு நாள் அவகாசம் கொடுத்து, சான்றை வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்களின் விலை உறையும் திறந்தாயிற்று. வேலை உத்தரவு இன்னும் போகவில்லை. வழக்கு நிற்குமா?

நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. "ஒரு பக்கம்தானே விட்டுப்போனது, அது பெரிய விஷயமா?" என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போனால் பெரும்பாலும் தோற்பீர்கள். "எனக்குப் பொருந்திய விதி அவருக்கு ஏன் பொருந்தவில்லை?" என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மனுவை எப்படி எழுத வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

அதற்கு முன்னால் நாள் கணக்கு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 நகராட்சிக்கும் பொருந்தும். அரசுத் துறைகள், வாரியங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள் எல்லாமே அதற்குள் வருகின்றன. அதன் 11-வது பிரிவின்படி, டெண்டரை ஏற்கும் அதிகாரியின் ஆணையால் பாதிக்கப்பட்டவர் ஆணை கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். பத்தே நாள். உங்களைப் போன்றவர்கள் முதல் ஒரு வாரத்தைச் செயற்பொறியாளரைப் பார்ப்பதிலும், தெரிந்தவர் மூலம் பேசிப் பார்ப்பதிலும் கழித்துவிடுகிறார்கள். பேசுவது தவறில்லை. ஆனால் அந்த நாட்களும் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். நிராகரித்ததற்கான முழுக் காரணம், மதிப்பீட்டுக் குழுவின் ஒப்பீட்டு அட்டவணை, மற்றவர்களிடம் எந்தெந்த ஆவணங்கள் பிறகு கேட்டு வாங்கப்பட்டன என்ற விவரம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கேட்டீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்தான். ஆனால் அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. பத்து நாள் கெடு ஓடும்போது அதை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். "முழுமையற்ற டெண்டர்" என்று அலுவலகங்கள் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல சங்கதிகள். டெண்டரோடு கட்ட வேண்டிய பிணைப் பணமான முன்வைப்புத் தொகையே கட்டாதவரும் முழுமையற்றவர், பான் அட்டை நகலை மறந்தவரும் முழுமையற்றவர், விலைப் பட்டியலில் ஒரு வரியைக் காலியாக விட்டவரும் முழுமையற்றவர். சட்டத்தின் பார்வையில் இவர்கள் மூவரும் வேறு வேறு ஆட்கள்.

உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையைத் தெளிவாகச் சொன்னது 1991-ல், போடார் ஸ்டீல் வழக்கில். வாராணசியில் இருந்த ரயில்வேயின் டீசல் எஞ்சின் தொழிற்சாலை பழைய இரும்பை விற்க டெண்டர் விட்டது. முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி டிமாண்ட் டிராஃப்டாகவோ கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் யூனியன் வங்கி தன் கிளை மீதே கொடுத்த காசோலையை வைத்தார். நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டது. போட்டியாளர் வழக்குப் போட்டார். டெண்டர் நிபந்தனைகளில் தகுதியைத் தீர்மானிக்கும் அடிப்படை நிபந்தனைகள் ஒரு வகை, முக்கிய நோக்கத்துக்குத் துணையாக நிற்கும் நிபந்தனைகள் இன்னொரு வகை; இரண்டாவது வகையில் தக்க காரணம் இருந்தால் அதிகாரி சற்றே விட்டுக்கொடுக்கலாம் என்றது நீதிமன்றம். பணம் பத்திரமாக வந்து சேருமா என்பதுதான் அந்த நிபந்தனையின் நோக்கம். வங்கியே கொடுத்த காசோலை அந்த நோக்கத்தை நிறைவேற்றிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் என் விடுபட்ட பக்கமும் துணை நிபந்தனைதான்" என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். போடார் வழக்கில் விட்டுக்கொடுத்தது நிர்வாகம். நீதிமன்றம் அந்த முடிவைத் தொடாமல் விட்டது, அவ்வளவுதான். நிர்வாகம் நிராகரித்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016-ல் வந்த சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கைப் பார்க்க வேண்டும். வங்கி உத்தரவாதத்துக்கு டெண்டரில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். ஒரு கூட்டு நிறுவனம் அந்தப் படிவத்தில் தராமல் முந்தைய டெண்டரின் படிவத்தில் தந்தது. டெண்டர் விட்ட சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் அதை நிராகரித்தது, உயர் நீதிமன்றம் ஏற்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் நிராகரித்தது சரியே என்றது. எந்த நிபந்தனை முக்கியம் என்பதை டெண்டர் விடுபவர்தான் தீர்மானிக்க வேண்டும், நீதிமன்றம் தன் கருத்தை அதன் மேல் ஏற்றக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு நாக்பூர் மெட்ரோ பற்றிய அஃப்கான்ஸ் வழக்கிலும் இதே போக்குதான்: டெண்டர் ஆவணத்தை எழுதியவருக்கே அதன் பொருள் நன்றாகத் தெரியும், அவர் கொடுக்கும் விளக்கம் விபரீதமாகவோ உள்நோக்கத்தோடோ இல்லாத வரை நீதிமன்றம் தலையிடாது.

ஆகவே நிர்வாகம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் தராசு முதலிலேயே கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதை எதிர்த்து மேலேறுவதுதான் உங்கள் வேலை.

மேலேறியவர்களும் உண்டு. 2013-ல் ரஷ்மி மெட்டாலிக்ஸ் வழக்கில், கடைசி வருமான வரிக் கணக்கின் நகலை இணைக்கவில்லை என்று கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம் ஒரு நிறுவனத்தைத் தள்ளிவிட்டது. வருமான வரிக் கணக்கு அந்த வேலையின் அடிப்படைத் தேவை அல்ல, பக்கவாட்டில் கேட்ட ஒரு காகிதம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் நிராகரிப்பை ரத்து செய்தது. உங்கள் வழக்கறிஞர் இதைக் கட்டாயம் எடுத்துவைப்பார். எதிர்த்தரப்பு சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸைக் காட்டும். இரண்டுமே செல்லுபடியாகும் தீர்ப்புகள். உங்கள் சங்கதி எதற்கு நெருக்கமானது என்று காட்டுவதில்தான் வழக்கு நகரும்.

மறுபக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. அடிப்படை நிபந்தனையை அதிகாரி நினைத்தாலும் தளர்த்த முடியாது. 2019-ல் விதர்பா பாசனக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில், கேட்ட காலத்தைவிட மிகக் குறைந்த காலத்துக்கான வங்கி உத்தரவாதத்தை ஒருவர் வைத்தார். பிறகு திருத்திக் கொடுத்தார், கழகமும் ஏற்றுக்கொண்டது. அடிப்படை நிபந்தனையை மன்னிக்கும் அதிகாரமே கழகத்துக்குக் கிடையாது, அப்படி மன்னிப்பது விபரீதமான முடிவு, அதில் நீதிமன்றம் தலையிட்டே ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் போட்டியாளருக்குக் கொடுத்த இரண்டு நாள் அவகாசத்தைத் தாக்க இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பயன்படும். ஆனால் கவனம்: அதே வாள் உங்கள் பக்கமும் திரும்பும். "விற்றுமுதல் சான்று அடிப்படை ஆவணம், அதைப் பிறகு வாங்கியது செல்லாது" என்று நீங்கள் வாதிட்டால், "அனுபவச் சான்றும் அடிப்படை ஆவணம்தானே?" என்று நீதிபதி உங்களையே கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நீதிமன்றத்துக்குள் போகாதீர்கள்.

பதில் இருக்கிறது. மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்டிருக்கும் பொருள் கொள்முதல் கையேடு, விடுபட்ட ஆவணங்களைப் பற்றி மிக நியாயமான ஒரு கோடு போட்டிருக்கிறது. டெண்டர் திறக்கும் நாளுக்கு முன்பே இருந்து, அதன்பின் மாறாத ஆவணம் என்றால் அதைக் கெடு வைத்துக் கேட்டு வாங்கலாம். பான் எண், ஜிஎஸ்டி பதிவு போன்றவை இந்த ரகம். தகுதி சம்பந்தமான ஆவணங்களில், ஏற்கெனவே கொடுத்ததோடு தொடர்புள்ள குறையை மட்டும் கேட்கலாம். கையேடு கொடுக்கும் உதாரணமே உங்களுக்காக எழுதியதுபோல இருக்கிறது: ஒருவர் சப்ளை ஆர்டரை வைத்து, அதன் நிறைவுச் சான்றை வைக்காமல் விட்டிருந்தால், அந்தச் சான்றைக் கேட்டு வாங்கலாம், ஆனால் அவரைத் தகுதி பெறச் செய்வதற்காகப் புதிதாக இன்னொரு ஆர்டரைக் கேட்கக் கூடாது.

இந்தக் கோடு எனக்கு மிகவும் பிடித்தது, காரணத்தைச் சொல்கிறேன். டெண்டரில் ரகசியம் காப்பது எதற்காக? கடைசி நேரத்துக்குப் பிறகு யாரும் தன் நிலையை மேம்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நேற்று இருந்த உண்மைக்கு இன்று காகிதம் கொடுப்பது நிலையை மேம்படுத்துவது ஆகாது. நேற்று இல்லாத தகுதியை இன்று உண்டாக்குவதுதான் மேம்படுத்துவது. நீங்கள் பணி ஆணையையும் வைத்திருக்கிறீர்கள், நிறைவுச் சான்றின் முதல் பக்கத்தையும் வைத்திருக்கிறீர்கள். இரண்டாம் பக்கம் புதிதாக முளைக்கப்போவதில்லை. அதில் உள்ள கையெழுத்தும் தேதியும் டெண்டருக்கு முந்தியவை. அந்தச் சான்றைக் கொடுத்ததே இன்னொரு அரசு அலுவலகம் என்றால், ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்துவிடலாம்.

விற்றுமுதல் சான்றில் இவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. அதில்தான் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டும். பட்டயக் கணக்காளர் கொடுக்கும் சான்றுகளில் 2019 முதல் யுடிஐஎன் என்ற 18 இலக்க எண் கட்டாயம். அதைக் கணக்காளர் கழகத்தின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். போட்டியாளர் கொடுத்த சான்று டெண்டர் மூடிய பிறகு உருவாக்கப்பட்டதா என்பது அதில் தெரிந்துவிடும். மூடிய பிறகு உருவானது என்றால், "இது விடுபட்ட ஆவணம் அல்ல, புதிய ஆவணம்" என்று சொல்ல உங்களுக்கு இடம் கிடைக்கிறது. அவர்கள் பக்கத்திலும் ஒரு பதில் உண்டு: தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பை (பேலன்ஸ் ஷீட்) முதலிலேயே பதிவேற்றியிருந்தால், விற்றுமுதல் என்ற உண்மை ஏற்கெனவே உறைக்குள் இருந்தது, சான்று அதன் சுருக்கம் மட்டுமே என்பார்கள். அதனால் அவர்களுடைய தொழில்நுட்ப உறையில் இருப்புநிலைக் குறிப்பு இருந்ததா இல்லையா என்பது உங்கள் வழக்கில் மிக முக்கியமான கேள்வி. அலுவலகக் கோப்பை வரவழைத்துப் பார்க்கும்படி நீதிமன்றத்திடம் கேட்டால் இது வெளிவரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கையேடு மத்திய அரசின் கொள்முதலுக்கானது. தமிழ்நாட்டு நகராட்சியை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயமான அதிகாரி எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அளவுகோலாக அதைக் காட்டலாம். அதோடு உங்கள் டெண்டர் ஆவணத்தைத் திறந்து இரண்டு வாசகங்களைத் தேடுங்கள். "இந்த ஆவணம் இல்லாவிட்டால் டெண்டர் நிராகரிக்கப்படும்" என்று அந்தக் குறிப்பிட்ட ஆவணத்தின் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறதா? "தேவைப்பட்டால் விளக்கமோ ஆவணமோ கேட்கப்படும்" என்று எங்காவது இருக்கிறதா? முதலாவது இருந்தால் உங்கள் ஏற்றம் செங்குத்தாகிவிடும். இரண்டாவது இருந்தால் "ஒருவரிடம் கேட்ட நீங்கள் என்னிடம் ஏன் கேட்கவில்லை?" என்ற கேள்விக்கு அலுவலகத்தால் எளிதில் பதில் சொல்ல முடியாது.

அந்தக் கேள்விக்குத்தான் 2024-ல் உச்ச நீதிமன்றம் வலுவாகத் தோள் கொடுத்தது. பன்ஷிதர் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்துக்கும் பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டார்னி) கேட்ட முறையில் இல்லை என்று ஒருவரின் தொழில்நுட்ப டெண்டரைத் தள்ளினார்கள். வெற்றி பெற்றவரின் உறையிலும் குறை இருந்தது, அதை மட்டும் பெரிதுபடுத்தவில்லை. ஒருவருக்குக் கறார், இன்னொருவருக்குத் தாராளம் என்று நடப்பது அரசியலமைப்பின் 14-வது பிரிவுக்கு விரோதம் என்று சொல்லி, கொடுத்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். உங்கள் மனுவின் நடுநாயகமாக இருக்க வேண்டிய தீர்ப்பு இதுதான். சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் தீர்ப்பிலும் இதற்கு ஆதரவு இருக்கிறது: நிபந்தனையிலிருந்து விலகுவதாக இருந்தால் அந்த விலகல் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. எதிர்த்தரப்பு நம்பும் தீர்ப்பிலிருந்தே உங்களுக்கு வேண்டிய வரியை எடுத்துக்காட்டுவது எப்போதும் நல்லது.

அடுத்து அந்த ஒற்றை வரி நிராகரிப்பு. மதிப்பீட்டு அட்டவணைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிறுவனப் பெயர் ஒரு கட்டம், முன்வைப்புத் தொகை ஒரு கட்டம், அனுபவம், விற்றுமுதல், இயந்திரங்கள் என்று வரிசையாகக் கட்டங்கள், கடைசியில் குறிப்பு என்ற குறுகலான கட்டம். அந்தக் குறுகலான கட்டத்தில் எழுதும் மூன்று சொற்களில் ஒரு நிறுவனத்தின் பல மாத உழைப்பு முடிந்துவிடுகிறது. எந்த ஆவணம், எந்த நிபந்தனை எண், அதன் விளைவு என்ன என்று எழுத இன்னும் இரண்டு நிமிடம் ஆகுமா? அதைக்கூடச் செய்யாமல் ஒருவரை வெளியே அனுப்புவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. சட்டத்துக்கும் சரியாகப் படவில்லை. மற்றவர்களை நிராகரித்த காரணங்களையும் டெண்டர் விவரங்களை வெளியிடும் டெண்டர் செய்தி இதழுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1998 சட்டமே சொல்கிறது.

இங்கே இன்னொரு விஷயம் உங்களுக்கு உதவும். வழக்குப் போட்ட பிறகு அலுவலகம் தாக்கல் செய்யும் பதில் மனுவில் புதுப்புதுக் காரணங்கள் முளைக்கும். "நிறைவுச் சான்று மட்டுமல்ல, இயந்திரப் பட்டியலும் சரியில்லை, உறுதிமொழியில் முத்திரை இல்லை" என்று நீளும். ஓர் ஆணை அதில் எழுதியிருக்கும் காரணத்தை வைத்துத்தான் நிற்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சொல்லும் காரணங்களால் அதை முட்டுக்கொடுத்து நிறுத்த முடியாது என்பது மொஹிந்தர் சிங் கில் வழக்கில் 1977 முதல் நிலைத்த சட்டம். தேர்தல் சம்பந்தமான வழக்கு அது. டெண்டர் வழக்குகளிலும் தினமும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதனால்தான் முதல் நாளே எழுத்தில் காரணம் கேளுங்கள் என்றேன். காரணம் தந்தால் அதற்குள் அவர்கள் கட்டுப்படுவார்கள். தராவிட்டால் காரணமே இல்லாத ஆணை என்று நீங்கள் வாதிடலாம்.

விலை உறையில் குறை இருந்தால் இவ்வளவு நம்பிக்கை வேண்டாம். அங்கே கதவு கிட்டத்தட்ட மூடியதுதான். 2001-ல் மேற்கு வங்க மின்வாரியத்தின் புருலியா நீரேற்று மின்திட்ட டெண்டரில், படேல் எஞ்சினியரிங் கூட்டு நிறுவனம் அலகு விலைகளில் நேர்ந்த தவறு கணினியால் வந்தது, திருத்த அனுமதியுங்கள் என்று கேட்டது. விலைகள் வெளியான பிறகு ஒருவருக்கு மட்டும் திருத்த வாய்ப்புக் கொடுத்தால் டெண்டர் முறையே ஆட்டம் கண்டுவிடும் என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. திருத்தினால் அவர்கள் விலைதான் குறைவு என்ற நிலையிலும் மறுத்தது. எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எது செல்லும், காலியாக விட்ட வரியை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் டெண்டரிலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டி எதுவும் கிடைக்காது.

இனி எங்கே போவது என்று பார்ப்போம். 11-வது பிரிவு மேல்முறையீட்டைத் தவறாமல் போடுங்கள். அதில் இடைக்காலமாக நிறுத்திவைக்கும்படியும் கேளுங்கள். நேராக உயர் நீதிமன்றத்தில், அரசு அமைப்பின் செயலை எதிர்க்கும் ரிட் மனு போட முடியாதா என்றால், போடலாம். ஆனால் முதல் நாளே "சட்டத்தில் மேல்முறையீடு இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்?" என்ற கேள்வி வரும். மேல்முறையீடு போட்டும் அரசு அசையவில்லை, அதற்குள் வேலை உத்தரவு போகப்போகிறது என்ற நிலையில் ரிட் மனுவோடு போவது வலுவான வழி. நீதிமன்றம் முடிவு எடுக்கப்பட்ட முறையைத்தான் ஆராயும், முடிவை அல்ல என்பது 1994-ன் டாடா செல்லுலார் வழக்கிலிருந்து தொடரும் விதி. 2006-ன் ஜகதீஷ் மண்டல் வழக்கு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: முடிவில் உள்நோக்கமோ தன்னிச்சையோ இருக்கிறதா? பொதுநலன் பாதிக்கப்படுகிறதா? உங்கள் மனு இந்த இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் விலை உறை திறக்கப்படாமலே இருந்தால், போட்டி குறைந்ததால் நகராட்சிக்கு நஷ்டம் ஏற்படலாம் என்பதைச் சொல்லுங்கள். உங்கள் விலை குறைவு என்று ஆதாரமில்லாமல் அளந்துவிடாதீர்கள்.

தடையாணை கிடைக்குமா? முன்புபோல எளிதல்ல. ஜார்க்கண்டில் ஒரு சாலை வேலை தொடர்பாக 2022-ல் வந்த என்.ஜி. புராஜெக்ட்ஸ் தீர்ப்பு, டெண்டர் விவகாரத்தில் தடை கொடுப்பதில் நீதிமன்றங்கள் மிகவும் தயங்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கேட்கட்டும் என்கிறது. 2018-ல் திருத்தப்பட்ட குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டமும் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம்) உள்கட்டமைப்புத் திட்டங்களைத் தாமதப்படுத்தும் தடையாணைகளைக் கட்டுப்படுத்துகிறது. வேலை உத்தரவு போய், பள்ளம் தோண்டி, குழாய் இறக்கிவிட்டார்கள் என்றால் உங்கள் வாதம் எவ்வளவு நியாயமானாலும் நீதிபதி தயங்குவார். 1979-லேயே, பம்பாய் விமான நிலைய உணவகம் பற்றிய ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், தகுதியில்லாதவருக்கு ஒப்பந்தம் கொடுத்தது தவறு என்று சொல்லிவிட்டும், தாமதமாக வந்தார் என்பதையும் மற்றவர் அதற்குள் பணம் போட்டுவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்து, மனுதாரருக்கு நிவாரணம் தர மறுத்தார்கள். சட்டத்தை அவர் பக்கம் எழுதிவிட்டு, வேலையை மற்றவரிடம் விட்டார்கள். நாள் கணக்கை நான் முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். டாஸ்மாக் பாட்டில்களுக்கான ஹாலோகிராம் டெண்டர் பற்றிய யூஃபிளெக்ஸ் வழக்கில், 2021-ல் உச்ச நீதிமன்றம் தோற்ற போட்டியாளர்களை எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கொடுக்கச் சொன்னது. போட்டி நிறுவனங்கள் டெண்டரை வழக்கால் முடக்குவதை நீதிமன்றங்கள் இப்போது பொறுப்பதில்லை. உங்கள் சங்கதியில் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் போட்டியாளருக்கு அனுப்பிய அந்த மின்னஞ்சலுக்கு ஏதாவது ஒரு ஆதாரம் கையில் இல்லாமல், கேள்விப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மனு தாக்கல் செய்ய வேண்டாம். இணையதளத்தில் மதிப்பீட்டுச் சுருக்கம் ஏற்றியிருந்தால் இன்றே பதிவிறக்கிவையுங்கள். டெண்டர் மூடிய நேரம், தொழில்நுட்ப உறை திறந்த நேரம், முடிவு ஏறிய நேரம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

அடுத்த டெண்டருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிறு நிறுவனம் என்பதால் இது முக்கியம். தேசியத் தகவல் மையத்தின் மென்பொருளில் இயங்கும் டெண்டர் தளங்களில், கோப்புகளை ஏற்றியதோடு வேலை முடிவதில்லை. கடைசியில் சமர்ப்பிப்பை உறைய வைக்கும் பொத்தானை அழுத்தி, ஏல எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. சர்வர் கடிகாரம்தான் நேரம்; உங்கள் கைக்கடிகாரம் அல்ல. விலைப் பட்டியலின் எக்செல் கோப்புக்குப் பெயர் மாற்றினாலே சிக்கல் வரும். மூடும் நேரம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி ஏற்றலாம் என்பதால், முந்தின நாளே ஒரு முறை சமர்ப்பித்துவிட்டு, ஏற்றிய கோப்பைத் தளத்திலிருந்தே திரும்பப் பதிவிறக்கி, ஸ்கேன் செய்யாத வேறொரு ஆளிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்தவரின் கண்ணுக்கு விடுபட்ட பக்கம் தெரியவே தெரியாது. நிறைவுச் சான்றுகள் பெரும்பாலும் தாளின் இரண்டு பக்கமும் அச்சாகி வருபவை. கையெழுத்தும் முத்திரையும் பின்பக்கத்தில் இருக்கும், தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் ஒரு பக்கம் மட்டுமே பதிவாகும். ஏலத்துக்கு முந்தைய கூட்டம் வைத்தால், எந்த ஆவணம் இல்லாவிட்டால் நிராகரிப்பீர்கள், எதைப் பிறகு கேட்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு வரும் பதில் டெண்டர் ஆவணத்தின் பகுதியாகிவிடும். பின்னால் அதிகாரி மாறினாலும் அது மாறாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டிய வரிசை: இன்று கடிதம், நாளைக்குள் டெண்டர் ஆவணத்தோடும் பதிவேற்றிய கோப்புகளின் நகலோடும் வழக்கறிஞரைப் பார்ப்பது, அந்த வாரத்துக்குள் மேல்முறையீடு. மேல்முறையீட்டில் விடுபட்ட இரண்டாம் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள். "இணைக்க மறந்துவிட்டோம்" என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டு, அது டெண்டருக்கு முந்தைய தேதியிட்டது என்பதை அடுத்த வரியில் காட்டி, மூன்றாவது வரியிலேயே போட்டியாளருக்குக் கொடுத்த அவகாசத்துக்குப் போய்விடுங்கள்.